உடுக்கைக்கு ஆடாதவள்

முத்துவீரனின் உடுக்கைக்கு ஆடாத ஆள் அந்த றப்பர் தோட்டத்தில் ஒருத்திதான் இருந்தாள். அவன் பெண்டாட்டி அழகம்மா.

யட்டியாந்தோட்டைக்கு மேலே, மலையைச் சுற்றிச் சுற்றி றப்பர் நட்டிருக்கும் தோட்டம் அது. பகலில் முத்துவீரனும் மற்றவர்களைப் போல ஒரு பால்வெட்டுக்காரன். விடியுமுன்னே கத்தியோடு போய்ப் பட்டையைச் சீவி, சிரட்டையில் பால் வடியக் காத்திருந்து, வாளியில் சேர்த்து ஸ்டோரில் ஊற்றிவிட்டு வருகிறவன். மாரியம்மன் கோயில் திருவிழாவில் உடுக்கையைக் கையில் எடுத்துவிட்டால் மட்டும் ஆளே வேறு. பெரிய கணக்கப்பிள்ளையே ஒரு தடவை வேட்டி அவிழ ஆடியிருக்கிறார். மறுநாள் காலை வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் அவர் முகத்தைப் பார்த்துச் சிரிக்காமல் நிற்பதற்குள் சனங்கள் பட்ட பாடு போதும் போதும் என்றாகிவிட்டது. முத்துவீரன் கைக்கு இறங்காத சாமி கிடையாது என்று பேர். அந்தப் பேரில் அவனுக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு, இல்லையென்று சொன்னால் பொய்.

அழகம்மா மட்டும் கூட்டத்துக்குப் பின்னால் கடலை கொறித்துக்கொண்டு நிற்பாள். தொழிலாளர் லயத்தில் இருந்த தங்கள் காம்பராவுக்குத் திரும்பியதும் சீண்ட ஆரம்பிப்பாள்.

"ஊரே ஆடுது, எனக்கு ஒரு விரல்கூட அசையலீங்களே. உங்க சாமிக்கு என்னையக் கண்டா பயமா?"

"வாய அடக்குடி. ஒருநாளைக்கு உனக்கும் இறங்கும்."

"இறங்கட்டும். ஒரு வாய் தேத்தண்ணி ஊத்திக் குடுத்து அனுப்பி வைக்கிறேன்."

மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய பிறகு இரண்டு பேரும் இப்படித்தான் பேசிப் பேசி நாளை ஓட்டினார்கள். அந்த வாய்க்காகத்தான் அவன் அவளை அவ்வளவு நேசித்தான் என்பது லயத்தில் எல்லோருக்கும் தெரியும்.

அவளுக்குத்தான் இடது விலாவுக்குக் கீழே கனக்கத் தொடங்கியது. இரண்டு கவளம் சாப்பிட்டால் வயிறு நிறைந்துவிடும். ஏற்றத்தில் ஏறினால் மூச்சு வாங்கும். இடது பக்கம் சாய்ந்து படுக்க முடியாது. தோட்டத்து டிஸ்பென்சர் கஜேந்திரன் வயிற்றைத் தொட்டுப் பார்த்தவுடனே முகம் மாறிப்போய், கொழும்புக்குப் போகச் சொன்னார். அங்கே பெரிய ஆஸ்பத்திரியில், இது இரத்தத்தில் வரும் புற்று, மெதுவாக வளருகிற வகை என்றார்கள். கொஞ்ச நாள் மாத்திரையில் ஓடியது. பிறகு மாத்திரைக்கும் அது அடங்கவில்லை. தொண்ணூற்றாறாம் வருஷம் சித்திரைக்குப் பிறகு ஊசி போட்டுப் பார்ப்போம் என்றார் அங்கிருந்த டொக்டரம்மா.

அந்த அம்மா சிங்களம். முத்துவீரனுக்கும் அழகம்மாவுக்கும் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு, அதனால் பேச்சுக்குத் தடையில்லை.

"உங்கள் தோட்டத்தில் பால் திருட்டு உண்டா?" என்று கேட்டார் டொக்டரம்மா.

"இல்லாமலாங்க."

"பிடிக்க வாச்சர் இல்லையா?"

"இருக்காரு. நல்லாத் தூங்குவாரு" என்றாள் அழகம்மா.

டொக்டரம்மா சிரித்துவிட்டார். "இரத்தத்திலும் வெள்ளை அணுக்கள் என்று வாச்சர்மார் உண்டு. உங்களுக்கு என்ன நடந்திருக்கிறது என்றால், அந்த வாச்சர்மாரில் ஒருவனே திருடனாகிவிட்டான். தன்னைப் போலவே கூட்டம் கூட்டமாகப் பெருகிவிட்டான். அதே உடுப்பு, அதே தொப்பி. நம்ம ஆள்தானே என்று மற்ற வாச்சர்மாரும் விட்டுவிடுகிறார்கள். அந்தத் திருட்டுக் கூட்டம் வந்து குந்திக்கொண்டிருக்கிற இடம்தான் உங்கள் இடது பக்கம்."

பிறகு ஊசியைப் பற்றிச் சொன்னார். கிருமி ஏதாவது உள்ளே வந்தால் உடம்பே ஒரு கூவல் போடுமாம், எழும்புங்கள், ஆள் வந்துவிட்டான் என்று. அந்தக் கூவலைத்தான் குப்பியில் அடைத்து வைத்திருக்கிறார்கள். பேர் இன்டர்ஃபெரோன். அது திருடன் பெருகுவதை மட்டுப்படுத்தும். அவன் முகத்தை மூடியிருக்கிற துணியை விலக்கிக் காட்டும். தூங்குகிற வாச்சர்மாரைத் தட்டி எழுப்பும். மாத்திரை தானே போய் அடிக்கிற ஆள். இது அப்படியில்லை, உடம்பிலே இருக்கிறவர்களை ஏவிவிடுகிற ஆள்.

"கூவல் கேட்டால் உடம்பு குளிரும், நடுங்கும், காய்ச்சல் அடிக்கும். பயப்படக் கூடாது. மருந்து உள்ளே போய் வேலை தொடங்கிவிட்டது என்று அர்த்தம்."

"இதுக்கும் கேக்காட்டி?" என்றாள் அழகம்மா.

"மூன்று மாதம் பார்ப்போம்" என்று மட்டும் சொன்னார் டொக்டரம்மா. வெளிநாட்டு உதவியில் வந்த மருந்து அது, இதைவிட்டால் தன்னிடம் வேறொன்றும் இல்லை என்று முத்துவீரனைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். பஸ்ஸில் வரும்போது அவன் ஒரே ஒரு சொல்லை நெஞ்சில் முடிந்துகொண்டு வந்தான். நடுங்கினால் மருந்து வேலை செய்கிறது. சாமிக்கும் அதுதானே கணக்கு.

மருந்தைக் குளிரில் வைக்க வேண்டும். தோட்டத்து மருந்துக்காம்பராவில் இருந்த பிரிட்ஜ் செத்து எத்தனையோ காலம். யட்டியாந்தோட்டை பசாரில் கூல்ட்ரிங்ஸ் கடை வைத்திருந்த பாறூக் முதலாளிதான், "நம்மட பிரிட்ஜ்ல வெக்கலாம், அதுக்கென்ன" என்று சொல்லி யோகட் தட்டுக்கு மேலே இடம் ஒதுக்கித் தந்தார். திங்கள், புதன், வெள்ளி, முத்துவீரன் பால் ஊற்றிவிட்டு ஓடிப்போய் பிளாஸ்கில் ஒரு குப்பி எடுத்து வருவான். மத்தியானத்துக்குப் பிறகு கஜேந்திரன் ஊசி போடுவார்.

முதல் ஊசி போட்ட அன்று விளக்கு வைக்கிற நேரம். அழகம்மா அடுப்படியில் குனிந்து ஊதுகுழலை எடுத்தாள். எடுத்த கை அப்படியே நின்றது. நகக்கண் நீலம் பாரித்தது. பிறகு தாடை, பிறகு தோள், பிறகு முழு உடம்பும். அவளைத் தூக்கிக் கட்டிலில் போட்டான். கட்டில் சுவரில் மோதி மோதி, அடுத்த காம்பரா விஜயகலா வீட்டில் மாட்டியிருந்த பாத்திரமெல்லாம் ஆடியது. இரண்டு கம்பளி போட்டுப் போர்த்தியும் நடுக்கம் நிற்கவில்லை. அவன் அவள் மேலேயே சாய்ந்து அழுத்திக்கொண்டான்.

அப்போதுதான் அந்தக் குரல் வந்தது. அடித்தொண்டையிலிருந்து, கரகரவென்று. அவள் குரல் இல்லை அது.

"இருக்கான்... இடப்பக்கம் ஒளிஞ்சிருக்கான்... நம்ம உடுப்பத்தான் போட்டிருக்கான்..."

டொக்டரம்மா சொன்ன கதையைக் காய்ச்சலில் உளறுகிறாள் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும் முதுகு சில்லிட்டது. அவள் கண் திறந்திருந்தது, ஆனால் பார்வை அவன் மேல் இல்லை, அவனுக்குப் பின்னால் யாரோ நிற்பது போல அங்கே இருந்தது.

"முத்துவீரா, விளக்கத் தூக்கு. எனக்கு ஆளப் பாக்கணும்."

இருபத்தைந்து வருஷத்தில் அழகம்மா அவன் பேரை வாயால் சொன்னதில்லை. தோட்டத்துத் துரை கேட்டபோது கூட, பக்கத்தில் நின்றவளைச் சொல்லவைத்தவள் அவள். முத்துவீரன் எழுந்து விளக்கைத் தூக்கிப் பிடித்தான். வேறென்ன செய்வான்?

இராச் சாப்பாட்டு நேரத்துக்கு வேர்த்துக் கொட்டி எல்லாம் அடங்கியது. எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாள். பேசியது ஒன்றும் அவளுக்கு நினைவில்லை.

"உங்க உடுக்கைக்கு இறங்காதது ஒரு ஊசிக்கு இறங்கிருச்சு, பாத்தீங்களா" என்றாள்.

அவனுக்குச் சுருக்கென்றது. சிரித்து மழுப்பினான்.

லயத்துச் சுவர் எதை மறைத்திருக்கிறது? விஜயகலா எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். விடிந்ததும் பெரட்டுக்களத்தில் அதுதான் பேச்சு. 'நம்ம உடுப்பப் போட்டுக்கிட்டு ஒளிஞ்சிருக்கான்' என்றால் யார் என்று ஆளாளுக்கு மண்டையைக் குடைந்தார்கள். அடுத்த ஊசிக்கும் அதையே சொன்னாள் அழகம்மா. அதற்கடுத்ததற்கும். அந்த வாரமே தோட்டத்து வாச்சர் யாரிடமும் சொல்லாமல் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். அதோடு பால் திருட்டும் நின்றது. போதாதா?

அதற்குப் பிறகு ஊசி நாள் வந்தால் காம்பரா வாசலில் சனம். தேசிக்காய், வெற்றிலை, கற்பூரம். கீழ்நாட்டுச் சிங்களப் பெண்ணொருத்தி பார்த்துவிட்டு, இது இரத்தம் குடிக்கிற ரீரி யக்கா பேய் என்று சொல்லிக் கும்பிட்டாள். இல்லை, ரத்தக் காட்டேரி என்றாள் ஒருத்தி. காளி என்றாள் விஜயகலா. பேர் வைப்பதற்கு மட்டும் ஆட்கள் குறைச்சலே இல்லை. காணாமற்போன மாட்டைக் கேட்டார்கள், மத்திய கிழக்குக்குப் போன மகளைக் கேட்டார்கள். அழகம்மாவின் பல் கிட்டியதையெல்லாம் குறியாக எடுத்துக்கொண்டு போனார்கள். முத்துவீரன் அவர்களை விரட்டவில்லை. அவனுக்கு வேண்டியது நடுக்கம். கட்டில் சுவரில் மோதுகிற சத்தம் கேட்கக் கேட்க அவன் மனசு குளிர்ந்தது. எழும்புங்கடா, அடிங்கடா என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே உட்கார்ந்திருப்பான்.

ஆனால் ஒவ்வொரு தடவையும் அந்தக் குரல் அவன் பேரைச் சொல்லியது. அதைக் கேட்டதும் அவன் எழுந்து விளக்கைத் தூக்கிப் பிடிப்பான்.

ஒரு மாதம் கழிந்திருக்கும். ஒரு புதன்கிழமை நடுக்கம் லேசாக வந்து, வந்த வேகத்தில் போனது. வெள்ளிக்கிழமை வரவேயில்லை. விளக்கு வைத்தார்கள், சனம் காத்திருந்தது, அழகம்மா கட்டிலில் உட்கார்ந்து தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை அசையவில்லை. நெற்றியைத் தொட்டால் தண்ணீர்ப் பானை மாதிரி குளிர்ச்சி.

"சாமி மலையேறிருச்சு போல" என்று சொல்லிவிட்டு விஜயகலா எழுந்து போனாள். மற்றவர்களும் வெற்றிலையை எடுத்துக்கொண்டு போனார்கள்.

முத்துவீரனுக்கு அந்த அமைதி பொறுக்கவில்லை. ஆட்டத்தைப் பார்த்துப் பயந்தவன் அல்ல அவன். அவனுக்குப் பயம் தந்தது அடுத்த திங்களும், அதற்கடுத்த புதனும் சுவர் ஓசையில்லாமல் நின்றதுதான். அழகம்மாவும் அடங்கிப் போயிருந்தாள். சீண்டல் இல்லை, சிரிப்பு இல்லை. வாசற்படியில் உட்கார்ந்து மரங்களையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"உள்ள யாருமே இல்லாத மாதிரி இருக்குங்க" என்றாள் ஒருநாள்.

அதே நாள்தான் இடது பக்கம் சாய்ந்து தூங்க முடிகிறது என்றும் சொன்னாள். சோறும் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினாள். பாவி மனுசன், அதொன்றும் அவன் காதில் ஏறவில்லை. 'யாருமே இல்லை' என்றதுதான் ஏறியது.

அந்த வருஷம் நாடு முழுக்கக் கரண்ட் வெட்டு. மணிக்கணக்காக விளக்கெரியாது. மருந்து கெட்டுவிட்டது என்று முடிவுகட்டிக்கொண்டு பாறூக் கடைக்கு ஓடினான்.

"முதலாளி, கரண்ட் இல்லாத நேரம் மருந்து என்னங்க ஆகுது?"

பாறூக் பிரிட்ஜைத் திறந்து காட்டினார். மருந்தைச் சுற்றி ஐஸ் பையாக அடுக்கியிருந்தது. "கரண்ட் போற நேரத்துக்கு முந்தி நம்மட வீட்டுக்காரி நூரியா ஐஸ் அடுக்கி வெக்கிறா. எங்கட புள்ளைக்கிப் போல பாத்துக்கிறோம், முத்துவீரன். வந்து தொட்டுப் பாருங்க." தொட்டுப் பார்த்தான். சில்லென்றுதான் இருந்தது. அப்படியும் அவனுக்கு ஆறவில்லை.

கஜேந்திரனிடம் போனான். அவர் நேர்மையான மனிதர். "எனக்கும் இது புது மருந்துப்பா. ஏன் நடுக்கம் வரலன்னு எனக்குத் தெரியாது. அடுத்த மாசம் கிளினிக் இருக்கில்ல, அங்க கேப்போம்" என்றார்.

அடுத்த மாதம் வரைக்கும் எப்படிப் பொறுப்பது? திருடன் உள்ளே பெருகிக்கொண்டிருக்கிறான், வாச்சர்மார் திரும்பத் தூங்கிவிட்டார்கள், இவன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதா? மற்ற ஊரில் என்றால் பேய் பிடித்தால் ஓட்டுவார்கள். இவனுக்கு வந்த யோசனை நேர்மாறு. போனதைத் திரும்பக் கூப்பிட வேண்டும். ஊசிக்கு வருவது உடுக்கைக்கு வராதா? தன் கையைப் பார்த்தான். எத்தனை பேருக்கு இறக்கிய கை.

அழகம்மாவிடம் சொன்னான். பழைய அழகம்மாவாக இருந்தால் கிண்டல் செய்தே கொன்றிருப்பாள். இவள் வாசற்படியில் அவனுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.

"எனக்கும் பயமாத்தாங்க இருக்கு. நடுங்குனப்ப ஒரு தெம்பு இருந்துச்சு" என்றாள். "சரி, தட்டுங்க."

வெள்ளிக்கிழமை ஊசி போட்டாயிற்று. பொழுது சாய, தோட்டத்துக்குக் கீழே ஓடுகிற சிற்றாறான ஓயாவுக்கு அவளைக் கூட்டிப்போனான். மழை பொய்த்து ஆறு மெலிந்து கிடந்தது. மூங்கில் புதருக்கடியில் மட்டும் இடுப்பளவுக்கு ஒரு மடு, வெயிலே படாத தண்ணீர். சாமி இறக்குமுன் தலைக்கு ஊற்றி ஈரத்துணியோடு நிறுத்துவது வழக்கம். இவன் அவளை மடுவுக்குள்ளேயே நிறுத்தினான். கையில் வேப்பிலை. விஜயகலாவும் நாலைந்து பெண்களும் கரையில் நின்றார்கள்.

தட்டத் தொடங்கினான். மெதுவாக, பிறகு வேகமாக. வர்ணித்தான், கெஞ்சினான், ஏசினான். கரையில் நின்ற ஒரு பெண் ஆடத் தொடங்கிவிட்டாள். அழகம்மா ஆடவில்லை. கல்லுப் போல நின்றாள். மூங்கிலுக்குள் இருட்டு வந்து இறங்கியது. அவள் முகம் மட்டும் மங்கலாகத் தெரிந்தது, மற்றதெல்லாம் கறுப்பு. அவன் விரல் வெடித்து இரத்தம் தோலில் பட்டது. நிறுத்தவில்லை. அவளும் வெளியே வருகிறேன் என்று சொல்லவில்லை.

பிறகு அவள் உதடு துடித்தது. தாடை அடித்தது. தோள் குலுங்கி, மடுத் தண்ணீரே நடுங்கியது.

"வந்துட்டா, வந்துட்டா" என்று கரையில் குலவை போட்டார்கள். முத்துவீரனுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. உடுக்கையைத் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டுக்கொண்டே தண்ணீருக்குள் இறங்கி அவள் கிட்டப் போனான். அந்தக் கரகரத்த குரல், அவனுக்கு மட்டும் கேட்கிற அளவில், காதோரம் பேசியது.

"ஏண்டா கூப்புட்டே, முத்துவீரா? நான் உள்ளதானே இருக்கேன். வேலை நடக்குற எடத்துல எதுக்குடா சத்தம் போடுறே?"

 அவளை வாரித் தூக்கிக்கொண்டு கரையேறினான். கரையில் கற்பூரம் கொளுத்தினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை இருமல் தொடங்கியது. திங்கட்கிழமை காய்ச்சல், இது பொழுதுபட வந்து இரவில் போகிற காய்ச்சல் இல்லை, பகலும் இரவும் ஒரே கொதி. குரலும் வரவில்லை, குறியும் வரவில்லை. விலா இழுத்து இழுத்து மூச்சு வாங்கினாள். கஜேந்திரன் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, வேறு பேச்சில்லாமல் தோட்டத்து வான் வண்டியைப் பிடித்துக் கொழும்புக்கு ஏற்றிவிட்டார்.

டொக்டரம்மா அன்றே இரத்தம் எடுத்துப் பார்த்தார். வயிற்றையும் அழுத்திப் பார்த்தார். இன்னும் ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். கட்டிலோரம் நின்ற முத்துவீரனிடம் திரும்பியபோது அவர் முகத்தில் சந்தோஷமும் துக்கமும் சேர்ந்தே இருந்தன.

"புற்று நன்றாகக் குறைந்திருக்கிறது. இடது பக்கம் வீங்கியிருந்த மண்ணீரல் கைக்கே அகப்படவில்லை. நான் நினைத்ததைவிட மருந்து நன்றாக வேலை செய்திருக்கிறது. ஆனால் இரண்டு நுரையீரலிலும் சளிக் காய்ச்சல். அதுதான் இப்போது ஆபத்து."

முத்துவீரன் ஓரடி முன்னால் வந்தான். "நடுக்கம் நின்னுருச்சுங்களே, டொக்டரம்மா. மருந்து செத்துப்போச்சுன்னு..."

"நின்றுவிடும். முதலில்தான் உடம்பு அரண்டு நடுங்கும். பிறகு பழகிவிடும். நடுங்காமலே உள்ளே வேலை நடக்கும்." சொல்லிவிட்டு அவர் அவன் முகத்தைப் பார்த்தார். "அதை நான் உங்களிடம் சொல்லவில்லையா?"

அவன் தலையைக் குனிந்தான். அவர் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்கிற நினைப்பும், சொல்லாவிட்டால் என்ன, அந்தக் குரல் சொன்னதே என்கிற நினைப்பும் ஒன்றாகவே வந்தன.

"சளி இப்படிப் பிடிக்கிற அளவுக்கு எங்கே நனைந்தார்?"

"மழையிலங்க" என்றான் முத்துவீரன்.

டொக்டரம்மா ஜன்னல் பக்கம் பார்த்தார். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. வார்டில் மின்விசிறி நின்றுபோய் வெகு நேரம். "மழையா? எந்த ஊரில்?"

 கட்டிலில் அழகம்மா முகத்திலிருந்த, மூச்சுக் காற்று வருகிற மூடியை விலக்கினாள். இழுத்து இழுத்துச் சொன்னாள்.

"எங்க மலையில மட்டும் பேஞ்சிச்சுங்க. இவரு உள்ள வா, உள்ள வான்னு கூப்புட்டாரு. நாந்தான் கேக்காம நின்னேன்."

டொக்டரம்மா அதற்கு மேல் கேட்கவில்லை. மூடியைத் திரும்ப வைத்துவிட்டு, அவள் தலையைக் கொஞ்சம் உயர்த்திவிட்டுப் போனார்.

மறுநாள் மத்தியானம் அழகம்மா செத்துப்போனாள். உடம்பை வண்டியில் ஏற்றும்போது டொக்டரம்மா கீழே இறங்கி வந்தார். முத்துவீரனுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்து, அவள் இரத்தம் கடைசிவரைக்கும் நன்றாகவே இருந்தது என்று இன்னொரு தடவை சொன்னார்.